முள்ளம்பேத்தைக்கு முள் காவலா, பொந்து காவலா?

கரைநாடன்

அந்தமானில் சுவராஜ் தீவுப் பக்கம் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கியிருந்தோம். ஆழம் அதிகமில்லை, இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஒரு பாறையின் அடிப்பக்கம் முழங்கையைவிட நீளமான மீன் ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அகன்ற தலை, பிதுங்கிய பெரிய கண்கள். உடல் முழுக்க, துடுப்புகளிலும் வாலிலும்கூட, மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி கையிலிருந்த கம்பியால் அதைக் குத்திக் குத்தி வெளியே விரட்டினார். கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது, பிறகு உப்பிவிட்டது. எல்லாப் பக்கமும் முள். வழிகாட்டி அதைக் கையுறைக் கையில் ஏந்திக்கொண்டார், ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லவும் வாய் வரவில்லை.

இது என்ன இனம்? இப்படி உப்ப வைப்பது அதற்குத் தீங்கா? "வாழ்நாளில் இத்தனை தடவைதான் உப்பும், அதற்கு மேல் செத்துவிடும்" என்று படகில் ஒருவர் அடித்துச் சொன்னார், உண்மையா? மன்னார் வளைகுடாவிலும் இது உண்டா?

பவளப்பூச்சி

முள்ளம்பேத்தை. அறிவியல் பெயர் டையடான் ஹிஸ்ட்ரிக்ஸ். துடுப்பிலும் புள்ளி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அடையாளம். இதன் உறவுக்காரன் டையடான் ஹோலோகாந்தஸுக்குத் துடுப்பில் புள்ளி இராது. கண்ணின் மேல் ஒரு கரும்பட்டையும் முதுகில் பெரிய கறைகளும் இருக்கும், நெற்றி முட்கள் நீளமானவை. மூன்றாவது, டையடான் லிட்டுரோசஸ். அதன் கருங்கறைகளைச் சுற்றி வெளிறிய விளிம்பு ஓடும். மூன்றும் நம் பக்கத்துக் கடல்களில் உண்டு. நீங்கள் பார்த்ததுதான் இவற்றில் பெரியது, 90 சென்டிமீட்டர் வரை வளரும். மூன்று பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளிலும் வாழ்கிறது.

சாதாரணப் பேத்தையிலிருந்து பிரித்தறிய வாயைப் பாருங்கள். பேத்தைக்கு மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் பிளந்திருக்கும், மொத்தம் நான்கு பல்தகடுகள். முள்ளம்பேத்தைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பிளவே கிடையாது. சங்கையும் நத்தை ஓட்டையும் துறவி நண்டையும் நொறுக்கும் வாய் அது. விரலை நீட்டுகிறவர்கள் யோசித்து நீட்டவும்.

உப்புவது காற்றால் அல்ல, தண்ணீரால். மடக்கு மடக்காகக் கடல்நீரை விழுங்கி இரைப்பையில் நிரப்புகிறது. இந்த மீனின் இரைப்பை செரிக்கும் வேலையை எப்போதோ கைவிட்டுவிட்டது. இன்று அது வெறும் நீர்ப்பை. வயிறு விரிவதற்குக் குறுக்கே நிற்க விலா எலும்பு இல்லை, இடுப்புத் துடுப்பும் இல்லை. முட்கள் எல்லாம் உருமாறிய செதில்கள். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் தோலுக்குள் பதிந்த வேர்கள் உண்டு. தோல் விரிந்து இறுகும்போது வேர்கள் இழுபட்டு முள் தானாக நிமிர்கிறது.

"இத்தனை தடவைதான்" என்ற கணக்குக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் உப்புவது இலவசமும் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் 2014-இல் சிறிய பேத்தை இனம் ஒன்றை வைத்து ஆராய்ந்தார்கள். உப்பியிருக்கும்போது மீன் மூச்சை அடக்கிக்கொள்கிறது என்ற பழைய நம்பிக்கை தப்பு, செவுள் வழியே மூச்சு நடக்கத்தான் செய்கிறது, ஆனால் உடல் பழைய நிலைக்குத் திரும்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கண்டார்கள். ஒரு சுற்றுலாக் குழு காலையில், இன்னொன்று மதியம், அடுத்தது மாலையில் வந்தால் அந்த மீனின் நாள் எப்படிப் போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கூடுகாரர் மகன்

மன்னார் வளைகுடாவில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. அப்பா தீவு, வாலைத் தீவு, முல்லித் தீவு என்று கீழக்கரைக்கு எதிரே இருக்கிற தீவுகளைச் சுற்றிப் பார், அதாவது கடலடிப் பவளப்பாறை, இருக்கிறது அல்லவா, அங்கேதான் அதன் குடியிருப்பு. 1986 முதல் அதெல்லாம் தேசியப் பூங்கா, உள்ளே தொழில் செய்ய முடியாது. ஆனால் மீனுக்கு எல்லை தெரியுமா? இராத்திரியில் இரை தேடிப் பாரை விட்டு வெளியே வரும். நண்டு வலையில் நண்டு மாட்டியிருப்பதைக் கண்டு அதைத் தின்ன வந்து தானும் மாட்டிக்கொள்ளும்.

எங்களுக்கு அது பெரிய தொந்தரவு. ஒன்று, முள்ளெல்லாம் கண்ணியில் கோத்துக்கொள்ளும், கழற்ற நேரமாகும். இரண்டு, வலை நூலைக் கத்தரித்துவிடும். கரையில் விலை கிடையாது. விசைப்படகின் மடி வலையில் வந்தால், விலைபோகாத கழசல் மீனோடு மீனாக மாவு ஆலைக்குப் போகும். சிலர் உப்பிய நிலையில் காய வைத்து அலங்காரப் பொருள் விற்கிறவர்களுக்குக் கொடுப்பதுண்டு. எங்கள் அப்பா அதற்குச் சம்மதிக்க மாட்டார். "உயிர் பயத்தில் உப்பினதை ஏன் வீட்டில் தொங்கவிட வேண்டும்?" என்பார்.

சுழியோடி திருமலை

திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது, 2003 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பக்கமும் சுவாமி மலைக்குக் கீழேயுள்ள பாறைகளிலும் நான் சுழியோடுகிறவன். இந்த மீனைப் பற்றி எல்லோரும் முள்ளையும் உப்புவதையும்தான் கதைக்கிறார்கள். நான் வேறொன்று சொல்கிறேன்.

தானாக உப்பிய முள்ளம்பேத்தை ஒன்றையும் நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. எப்போது போனாலும் அது பொந்துக்குள் இருக்கும், அல்லது பொந்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நாம் கிட்டப் போனால் முதலில் முகத்தைத் திருப்பிப் பார்க்கும். இன்னும் கிட்டப் போனால் மெல்லப் பின்வாங்கும். அதையும் தாண்டினால் உள்ளே நுழைந்து விடும். உப்புவதெல்லாம் பொந்துக்கு வழி மறிக்கப்பட்ட பிறகுதான். கரைநாடன் எழுதியதிலேயே பாருங்கள், "கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது" என்கிறார். அது வேறொரு பொந்து தேடியிருக்கிறது.

இது நீந்தத் தெரியாத மீன் என்றே சொல்லலாம். பக்கத் துடுப்பையும் பின்னால் இருக்கிற இரண்டு சிறு துடுப்பையும் அலைத்து அலைத்துப் போகும். சூரை மீனோ பாரை மீனோ ஒரு வீச்சில் கடக்கிற தூரத்துக்கு இதற்கு வெகு நேரம் வேண்டும். இப்படிப்பட்ட மீன் பட்டப்பகலில் உயிரோடு இருப்பது பாறையின் அடியில் இடம் இருப்பதால்தான். முள் இரண்டாவது காவல். பொந்துதான் முதல் காவல்.

கண்ணாடித்தொட்டி

திருமலை நண்பர் சொல்வது கேட்க அழகாக இருக்கிறது, ஏற்க முடியவில்லை. பொந்தே போதும் என்றால் இயற்கை இவ்வளவு செலவு செய்து முள்ளை ஏன் வளர்க்க வேண்டும்? செரிமானத்தையே இரைப்பை விட்டுக்கொடுத்திருக்கிறது, விலா எலும்பு போயிருக்கிறது. இத்தனையும் "இரண்டாவது காவலுக்கு" என்றால் நம்ப முடியுமா? களவா மீனும் அஞ்சாளை என்ற விலாங்கும் பொந்தில்தான் வாழ்கின்றன. அவை உப்புகின்றனவா?

1832-இல் டார்வின் பிரேசிலின் பாகியா கரையில் ஒரு முள்ளம்பேத்தையைப் பிடித்து வைத்துப் பார்த்திருக்கிறார். வயிறு மேலாகக் கவிழ்ந்து மிதந்தபடியே நேராகவும் வட்டமாகவும் நீந்தியதாம், பலமாகக் கடித்ததாம், வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்ததாம். வயிற்றுத் தோலிலிருந்து கசிந்த செஞ்சாயம் தாளில் அழியாமல் நின்றது என்றும் எழுதுகிறார். அதைவிட முக்கியம், சுறாவின் இரைப்பைக்குள் இந்த மீன் உயிரோடு உப்பிக் கிடந்ததையும், இரைப்பையையும் விலாவையும் தின்று துளைத்துக்கொண்டு வெளியேறிச் சுறாவையே கொன்றதையும் பதிவு செய்திருக்கிறார். சுறாவையே வெல்லுகிற ஆயுதம் முதல் காவல் இல்லாமல் வேறென்ன?

பவளப்பூச்சி

டார்வின் கண்ணால் கண்டது பாகியாவில் பிடித்த மீனை மட்டும். சுறாக் கதை ஃபாரஸ் ஊரைச் சேர்ந்த டாக்டர் ஆலன் என்பவர் அவரிடம் சொன்னது. "கேள்விப்பட்டேன்" என்றுதான் டார்வினே எழுதுகிறார். அந்த வேறுபாட்டை அவர் காப்பாற்றினார், நாமும் காப்பாற்றுவோம். ஹவாய்ப் பக்கம் புலிச்சுறாக்களின் வயிற்றில் முள்ளம்பேத்தை இரையாகவே கிடைத்திருக்கிறது. ஆமை ஓட்டையே நொறுக்குகிற வாய்க்கு இந்த முள் எம்மாத்திரம்.

ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பொந்து இருக்கும்போது முள் எதற்கு? இந்த மீன் பொந்துக்கு வருவதே ஓரளவு வளர்ந்த பிறகுதான் என்பது விடையின் ஒரு பகுதி. முட்டை திறந்த கடலில் மிதக்கிறது, குஞ்சு அங்கேயே வளர்கிறது. பிறந்து சுமார் மூன்று வாரத்தில் முள் தோன்றிவிடும். டையடான் ஹிஸ்ட்ரிக்ஸ் குஞ்சுகள் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆகும்வரைகூட ஆழ்கடலின் மேற்பரப்பிலேயே அலையும். அங்கே பாறை ஏது, பொந்து ஏது? முழுக்க முள்ளையும் உப்பலையும் நம்பிய பருவம் அது. அப்போதும் சூரையும் மகிமகியும் இவற்றை விழுங்கத்தான் செய்கின்றன. அந்தப் பெருமீன்களின் இரைப்பையில் முள்ளம்பேத்தைக் குஞ்சுகள் சாதாரணமாகக் கிடைக்கும்.

ஆக, இளமையில் உள்ள ஒரே காவல் முள், அது அரைகுறைக் காவல். பாருக்கு வந்து சேர்ந்த பிறகு பொந்து கிடைக்கிறது, முள் பின்னுக்குப் போகிறது. திருமலை அண்ணன் பார்ப்பதெல்லாம் வளர்ந்த மீன்களை.

சுழியோடி திருமலை

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரவைச் சேர்க்க மறந்து விட்டீர்கள். பொழுது பட்டதும் மீன் பொந்தை விட்டுக் கிளம்பி மணலிலும் கடற்புல்லிலும் இரை தேடித் திரியும். அந்த நேரம் முள் உடம்போடு படிந்தபடி, முனை வால் பக்கம் பார்த்தபடி இருக்கும். உப்பாமலே பின்னாலிருந்து விழுங்குவது கஷ்டம்.

அயலகன்

இடையில் ஒரு செய்தி. பசிபிக்கில் கிரிபாட்டி என்றொரு நாடு, முன்பு கில்பர்ட் தீவுகள் என்பார்கள். எல்லாம் பவளத் தீவுகள், உலோகம் கிடையாது, பெரிய மரங்களும் அரிது. அங்கே பழைய காலப் போர்வீரர்கள் தென்னை நாரில் பின்னிய தடித்த கவசம் அணிந்து, சுறாப் பற்களை வரிசையாகக் கட்டிய வாளோடு சண்டைக்குப் போனார்கள். தலைக்கு முள்ளம்பேத்தைத் தோலில் செய்த தலைக்கவசம். உப்பிய மீனை மணலில் புதைத்துக் காய வைத்து, திறந்து, உள்ளே நார்த் தொப்பி வைத்துக் கட்டுவார்களாம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குள் பார்க்கும்போதே எதிரே வருகிறவன் அரண்டிருப்பான் என்று தோன்றுகிறது. அடியைத் தாங்கியதா என்பது வேறு கணக்கு. முட்கள் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, தோல் காகிதம்போல் மெலிது.

புதியவன் 77

ஒரு சின்னச் சந்தேகம். இதைச் சமைத்துச் சாப்பிடலாமா? ஜப்பானில் சாப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

பவளப்பூச்சி

வேண்டாம். ஒக்கினாவாவில் இதன் முள்தோலை உரித்துச் சூப் வைப்பது உண்மைதான். அதற்கென்று ஆட்களும் விதிகளும் உள்ள ஊர் அது, ஈரலும் சினையும் அங்கேயே தடைப்பட்டவை. பேத்தைக் குடும்பத்து மீன்களில் இருக்கக்கூடிய டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் அழியாது. நரம்புகளை முடக்கி மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும், மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் செயற்கை மூச்சு கொடுத்துக் காத்திருப்பது ஒன்றே வழி. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குடும்பத்து மீனை விற்கவே கூடாது என்று தடை போட்டிருக்கிறது.

கூடுகாரர் மகன்

தம்பி, கடற்கரையில் பிறந்து வளர்ந்த நாங்களே தொடுவதில்லை. அதோடு விடுங்கள்.

பொந்துப் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊர்க் கதை. எங்கள் தாத்தா காலத்தில் பாரை உடைத்துப் படகு படகாகக் கல் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, வீட்டுச் சுவருக்குப் போனது, ஆலைக்கும் போனது. யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் கெடுபிடி வந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்று இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டன. தீவு போனதை எல்லோரும் பேசுகிறார்கள். உடைத்த கல்லுக்கு அடியில் குடியிருந்த மீனை யார் பேசினார்கள்? களவாவும் சிங்கி இறாலும் முள்ளுப்பேத்தையும் ஒரே குகையை மாற்றி மாற்றி ஆளுகிற உயிர்கள். கல்லை எடுத்த இடத்தில் மூன்றும் குறைந்தன என்று அப்பா சொல்வார்.

கண்ணாடித்தொட்டி

அதுதான் தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைச் சுற்றிக் காங்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்களே. ஓட்டை வைத்த சரிவகப் பெட்டிகள். பவளமும் அதன்மேல் பிடிக்கிறது, மீனும் வருகிறது என்று செய்தி வந்தது. பொந்துதான் பிரச்சினை என்றால் பொந்தை வார்த்து இறக்கிவிடலாம். பிறகென்ன?

பவளப்பூச்சி

வான் தீவில் செய்தது நல்ல வேலை. அதன் முதல் நோக்கம் அலையின் வேகத்தைத் தணித்துத் தீவு கரைவதைத் தடுப்பது. மீன் சேர்ந்தது கூடுதல் பலன். ஆனால் பொந்து என்றால் எந்த அளவுப் பொந்து என்று கேட்க வேண்டும்.

பவள மீட்பு என்று கடலடியில் வைத்த சட்டகங்களில் நட்டு வளர்ப்பவை பெரும்பாலும் வேகமாக வளரும் கிளைப்பவளங்கள். அந்தக் கிளைகளுக்கு இடையே விரல் அளவு மீன்கள் ஆயிரம் வாழும். முக்கால் மீட்டர் முள்ளம்பேத்தைக்கு அங்கே இடமில்லை. அதற்கு வேண்டியது மேசைபோல் விரிந்த பெரிய பவளத்தின் நிழல், அல்லது நூற்றாண்டுகள் வளர்ந்த போரைட்டஸ் என்ற பாறைப் பவளத்தின் அடிக்குடைவு. போரைட்டஸ் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், பெரிய மீன்கள் ஒதுங்க மேசைப் பவளங்களையே நாடுகின்றன என்று ஆய்வு காட்டியிருக்கிறது. 

வெளிறல் வேறு இருக்கிறது, கடல் சூடேறிப் பவளம் நிறமிழப்பதைத்தான் சொல்கிறேன். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் லட்சத்தீவிலும் மன்னாரிலும் பவளங்கள் கூட்டமாகச் செத்தன. செத்த உடனே பொந்து போவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். எலும்புக்கூடு சில ஆண்டுகள் அப்படியே நிற்கும், மீனும் நிற்கும். கணக்கெடுப்பவர் "பெரிய மாற்றமில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். துளைக்கும் உயிர்கள் அரித்து, ஒரு நல்ல காற்றுக்காலத்து அலை அடித்து, எல்லாம் சரளையாகச் சரியும்போதுதான் பெரிய மீன்களின் வீடு போகும்.

சுழியோடி திருமலை

சரளையானதும் அங்கே கடல் முள்ளெலி, அதாவது உருண்டை உடம்பெல்லாம் முள் நீட்டிய கடலுயிர், பெருகுவதைக் கண்டிருக்கிறேன். நீண்ட முள் கொண்ட கறுப்பு முள்ளெலிகள், கால் வைக்க இடமிராது. முள்ளம்பேத்தை முள்ளெலியைத் தின்னும். இது போனால் அது பெருகும், அது பெருகினால் பாறையைச் சுரண்டும். எனவே இந்த மீனைக் காப்பது பவளத்தைக் காப்பது என்று நினைக்கிறேன்.

பவளப்பூச்சி

தின்னும் என்பது சரி. ஆனால் அந்தப் பெருமையை இதற்கே முழுதாகக் கொடுத்துவிட வேண்டாம், அண்ணா. கென்யாவின் பார்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மீன்பிடி தடுக்கப்பட்ட பூங்காக்களில் முள்ளெலி குறைவு, மீன்பிடி நடக்கும் இடங்களில் மிக அதிகம். அங்கே முள்ளெலியை அடக்கி வைத்திருந்த முதன்மை வேட்டைக்காரன் ஆரஞ்சு வரிபோட்ட கிளாத்தி மீன். முள்ளம்பேத்தை இரவுக் காவலுக்குத் துணை நிற்கலாம். ஒரு மீனைப் பாராட்டுவதற்கு அது எதையாவது காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா என்ன? ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியின் மோந்தே போல்கா பாறைகளிலேயே இதன் குடும்பத்து மீன்கள் புதைபடிவமாக இருக்கின்றன. யாருக்கும் பயன்படுகிறோமா என்று கேட்டுக்கொண்டு அவை பிழைக்கவில்லை.

கரைநாடன்

கேட்டதற்கு மேல் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. அடுத்த முறை யாராவது கம்பியோடு குத்தினால் என்ன செய்வது? சண்டை போடவும் முடியாது, தண்ணீருக்குள் பேசவும் முடியாது.

சுழியோடி திருமலை

தண்ணீருக்குள் இறங்கிய பிறகு ஒன்றும் செய்ய இயலாது. படகு கிளம்பும் முன்பே, காசு கொடுக்கும்போது, "எந்த உயிரையும் தொடுவதில்லை என்றால்தான் வருவோம்" என்று சொல்லி விடுங்கள். படம் கேட்கிற ஆட்கள் இருப்பதால்தான் அவர்கள் குத்துகிறார்கள். கேட்காத ஆட்களைக் கூட்டிப் போகும்போது அவர்களுக்கும் வேலை மிச்சம். மீனின் மேல்தோலில் ஒரு வழுவழுப்புப் படலம் இருக்கிறது, கையுறை அதை உரித்து விடும் என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடித்தொட்டி

தொட்டியில் வளர்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். உப்பிய மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே கூடாது. மேலே தூக்கினால் நீருக்குப் பதில் காற்றை விழுங்கும். நீரை எளிதாகத் துப்பிவிடும், காற்றை வெளியேற்றத் திணறும். தலைகீழாக மிதந்தே சில மீன்கள் செத்துப்போகும். வலையால் அள்ளாமல் நீரோடு சேர்த்துப் பாத்திரத்தில் மொள்ள வேண்டும். பொந்தா முள்ளா என்பதில் என் கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

கூடுகாரர் மகன்

காற்றை விழுங்கும் என்பது சரிதான். நண்டு வலையில் மாட்டியதை எங்கள் அப்பா படகுக்குள் ஏற்றவே மாட்டார். வலையைப் படகோரம் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டு, அது தானாகச் சுருங்கும்வரை விட்டுவிடுவார். சுருங்கிவிட்டால் முள் படிந்துவிடும், தலைப் பக்கமாகக் கண்ணியை உருவினால் பாதி நேரம் சுலபமாகக் கழன்றுவிடும். மீதிப் பாதி நேரம் கண்ணியை வெட்டத்தான் வேண்டும்.

எல்லோரும் இப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விடியற்காலை, வலை நிறைய நண்டு, ஏலத்துக்கு நேரமாகிறது என்றால் யாருக்கும் பொறுமை இராது. கட்டையால் ஒரு தட்டுத் தட்டிக் கடலில் வீசிவிட்டு அடுத்த கண்ணியைப் பார்ப்பார்கள். அது தப்புத்தான், ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் அதை முடிச்சுப் போட்டுச் சரிசெய்ய வீட்டில் பெண்கள் உட்கார வேண்டும், அதற்கு யாரும் கூலி தருவதில்லை. வலை சேதத்துக்கு ஏதாவது கொடுக்கிற ஏற்பாடு வந்தால் நான் முதல் ஆளாக எங்கள் சங்கத்தில் பேசுகிறேன்.